உப்பு தெரிகிறதா என்று ஒரு கேள்வி கேளுங்கள்

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் தன்னார்வலர்களுக்கும் செவிலியர்களுக்கும், அவர்களுக்குப் பின்னால் நிற்கும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும், திட்டத்தை நடத்தும் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும் வணக்கம்.

நான் மருத்துவம் படித்தவன் இல்லை. உதவி வேளாண்மை அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். திருவாரூர் மாவட்டத்து வரப்புகளில் நடந்தே என் சர்வீஸ் முடிந்தது. இந்த மடலில் நான் கேட்கப்போவது புதிய கட்டடமோ புதிய கருவியோ இல்லை. வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்குப் போய் இரத்த அழுத்தம் பார்க்கிறீர்கள், விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கிறீர்கள், மாத்திரை தருகிறீர்கள். அதோடு ஒரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: "சாப்பாட்டுல உப்பு தெரியுதா?"

ஏன் இதைக் கேட்கிறேன் என்பதற்கு என் வீட்டுக் கதையைச் சொல்ல வேண்டும்.

என் அம்மாவுக்கு அப்போது 74 வயது. இரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டும் உண்டு. பல வருடமாகத் தனியார் மருத்துவர் ஒருவரிடம் பார்த்து மாத்திரை சாப்பிட்டு வந்தார். ஒரு நாள் மதியம் ரசம் சாதம் பிசைந்து ஒரு வாய் வைத்தவர், "ஏம்மா, ரசத்துல உப்பே போடலியா?" என்றார். "போட்டேனே அத்தை" என்றாள் என் மனைவி. நான் சாப்பிட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. மறுநாளும் அதே கேள்வி. அடுத்த வாரமும் அதேதான். பிறகு அம்மா கேட்பதை விட்டுவிட்டார். இலையோரம் தானே ஒரு சிட்டிகை உப்பை வைத்துக்கொள்ளத் தொடங்கினார். சிட்டிகை அரைக் கரண்டி ஆனது. நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு துண்டு எடுத்துக்கொள்கிறவர் நான்கைந்து துண்டு எடுத்தார். பாட்டில் சீக்கிரம் காலியாவதை என் மனைவி கவனித்தாள். எதுவும் சொல்லவில்லை. மாமியாரின் இலையைப் பார்த்துக் கணக்குச் சொல்கிறாள் என்ற பேச்சு வந்துவிடக் கூடாதே என்று இருந்திருக்கிறாள்.

நம் ஊர்களில் இதற்குச் சொல் இல்லாமல் இல்லை. "நாக்கு செத்துப்போச்சு" என்போம். "வாய்க்கு எதுவும் பிடிக்கல", "சாப்பாடு மண்ணு மாதிரி இருக்கு", "சப்புன்னு இருக்கு". இத்தனை சொல் இருப்பதாலேயே இதை ஒரு வியாதியின் அடையாளமாக நாம் எடுத்துக்கொள்வதில்லை. வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிடுகிறோம். அம்மாவும் அப்படித்தான் விட்டார், நானும் விட்டேன்.

ஒரு வருடத்தில் அம்மா இளைத்துப்போனார். இரண்டு இட்லி ஒரு இட்லி ஆனது. பல் போனதால் கறியை முன்பே நிறுத்தியிருந்தார். சுண்டல், பயறு போன்றவற்றை மெல்ல முடியாது. சாதம், ரசம், மோர், டீயில் தோய்த்த பிஸ்கட், அவ்வளவுதான். இரத்த அழுத்தம் மட்டும் ஏறிக்கொண்டே போனது. மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். மறுபடி கூட்டினார்கள். உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். "நான் எங்க உப்பு சாப்பிடுறேன், சாப்பாட்டுல உப்பே இல்லியே" என்று அம்மா சொன்னது பொய் இல்லை. அவர் நாக்குக்கு அது உண்மை.

கடைசியில் வேறொரு மருத்துவரிடம் போனபோது, அவர் கருவி எதையும் எடுப்பதற்கு முன்னால், "அம்மா, நாக்கை நீட்டுங்க" என்றார். டார்ச் அடித்துப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். நாக்கின் மேல் இருக்க வேண்டிய சொரசொரப்பு இல்லை. ஓரங்களில் வழவழவென்று, சிவந்து, எண்ணெய் தடவிய மாதிரி மின்னியது. பிறகு மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பச் சொன்னார். ஒவ்வொன்றாக எடுத்து எத்தனை வருடமாகச் சாப்பிடுகிறார் என்று கேட்டார். மறுநாள் காலை வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்கச் சொன்னார். துத்தநாகம், அதாவது ஜிங்க், குறைவு என்று வந்தது. வைட்டமின் பி12-உம் குறைவு.

ஜிங்க் என்ற சொல்லை அந்த அறையில் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட கலக்கத்தை இங்கே சொல்லத்தான் வேண்டும். அந்தச் சொல் என் தொழிலின் சொல். நடவு முடிந்து இரண்டு மூன்று வாரத்தில் நெற்பயிரின் அடியிலைகளில் துரு ஏறியது போலப் பழுப்புப் புள்ளி வந்து, இலையின் அடி நரம்பு வெளுத்து, பயிர் திட்டுத்திட்டாக வளராமல் நின்றால், வரப்பிலிருந்து பார்த்தே "ஜிங்க் இல்ல, சல்பேட் போடுங்க" என்று சொல்லிவிடுவேன். ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை மணலோடு கலந்து நடவுக்கு முன் தூவ வேண்டும். பாஸ்பரஸ் உரமான டி.ஏ.பி.யோடு சேர்த்துக் கலக்கக் கூடாது. பயிர் நின்ற பிறகு தெரிந்தால் அரை சதவீதக் கரைசலை ஒரு சதவீத யூரியாவோடு சேர்த்து இலையில் தெளிக்கலாம். இதை எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பேன். அரசு தரும் மண்வள அட்டையில்கூட ஜிங்குக்கு ஒரு வரி உண்டு. என் வீட்டுக்குள்ளேயே ஒருவர் திட்டுத்திட்டாக வாடிக்கொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை.

இந்த நோய் நெல்லில் கண்டுபிடிக்கப்பட்டதும் மனிதரில் கண்டுபிடிக்கப்பட்டதும் கிட்டத்தட்ட ஒரே காலம். இமயமலை அடிவாரத் தராய்ப் பகுதியில் நெல்லைத் தாக்கிய 'கைரா' நோய்க்குக் கிருமி காரணம் இல்லை, துத்தநாகக் குறைவே காரணம் என்று பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஒய்.எல்.நேனே 1966-இல் எழுதினார். அதற்குச் சில வருடம் முன், 1958-இல், பீகாரின் பக்சரில் பிறந்து அமெரிக்காவில் படித்த ஆனந்த பிரசாத் என்ற மருத்துவர் ஈரானின் ஷிராஸ் நகரில் ஒரு நோயாளியைப் பார்த்தார். வயது 21, ஆனால் பார்க்கப் பத்து வயதுப் பையன் போல இருந்தான். புளிக்கவைக்காத ரொட்டிதான் முக்கிய உணவு, இறைச்சி கிடையாது, மண் தின்னும் பழக்கமும் உண்டு. மனிதருக்குத் துத்தநாகக் குறைவு வரவே வராது என்று மருத்துவ உலகம் நம்பியிருந்த காலம் அது. பிரசாத் அடுத்து எகிப்துக்குப் போய் அதே மாதிரியான இளைஞர்களிடம் அளந்து காட்டினார். துத்தநாகம் கொடுத்ததும் நின்றுபோன வளர்ச்சி மீண்டும் தொடங்கியது. அப்படியும் அமெரிக்காவில் இதை அவசியச் சத்து என்று ஏற்று, தினசரித் தேவையை அறிவித்தது 1974-இல்தான்.

அந்த ரொட்டியில் துத்தநாகம் இல்லாமல் இல்லை. இருந்தும் உடலுக்குப் போய்ச் சேரவில்லை. தானியம், பருப்பு, விதை எல்லாமே தங்கள் பாஸ்பரஸைப் பைட்டேட் என்ற வடிவத்தில் சேமித்து வைக்கின்றன. அந்தப் பைட்டேட் குடலில் துத்தநாகத்தைப் பிடித்துக்கொண்டு வெளியேறிவிடும். வயலில் டி.ஏ.பி. அதிகமானால் பயிருக்கு ஜிங்க் கிடைக்காமல் போகிறது என்று விவசாயிகளிடம் சொல்வேன். அங்கேயும் பாஸ்பரஸ், வயிற்றிலும் பாஸ்பரஸ். நடக்கும் விதம் வேறு, ஆனால் நெல்லும் மனிதரும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். நம் சாப்பாடு பெரும்பாலும் தானியமும் பருப்பும் என்பதால்தான் ஐ.சி.எம்.ஆர்.–தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டுப் பரிந்துரையில் ஆணுக்கு நாளைக்கு 17 மில்லிகிராம், பெண்ணுக்கு 13.2 மில்லிகிராம் என்று வைத்திருக்கிறார்கள். இறைச்சி அதிகம் சாப்பிடும் அமெரிக்காவில் இதே கணக்கு 11, 8. நூறு கிராம் பச்சரிசியில் இருப்பது சுமார் ஒரு மில்லிகிராம்தான். அம்மாவின் சாதம், ரசம், மோர், பிஸ்கட் கணக்கை நான் ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். ஐந்தாறு மில்லிகிராமைத் தாண்டவில்லை.

சரி, இதற்கும் நாக்குக்கும் என்ன சம்பந்தம்?

சுவை மொட்டில் இருக்கும் செல்கள் நெடுநாள் வாழ்வதில்லை. சுமார் பத்து நாளில் பழையது போய்ப் புதியது வர வேண்டும். நாக்கு என்பது ஓயாமல் மறுநடவு நடக்கும் வயல் என்று நான் புரிந்துகொண்டேன். செல் பிரிந்து புதுச் செல் உண்டாகும் வேலைக்குத் துத்தநாகம் வேண்டும். அது குறைந்தால், வேகமாகப் புதுப்பிக்கப்படும் இடங்கள்தான் முதலில் அடி வாங்கும்: தோல், குடல், முடி, நாக்கு. எச்சிலிலும் துத்தநாகம் இருக்கிறது. கஸ்டின் என்று முன்பு பெயர் வைத்திருந்த ஒரு நொதி, இப்போது கார்பானிக் அன்ஹைட்ரேஸ் 6 என்கிறார்கள், துத்தநாகத்தைத் தன்னுள் வைத்துக்கொண்டு எச்சிலில் வருகிறது. சுவை மொட்டுகள் நலமாக இருக்க அது உதவுகிறது என்று கருதுகிறார்கள். அமெரிக்காவில் ராபர்ட் ஹென்கின் என்ற மருத்துவர் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைச் சில நோயாளிகளுக்குக் கொடுத்தபோது, துத்தநாகம் சிறுநீரில் அதிகமாக வெளியேறிச் சுவை மங்கியது. துத்தநாகம் கொடுத்ததும் சுவை திரும்பியது.

இந்த இடத்தில் உங்களுக்கு நான் நேர்மையாக இருக்க வேண்டும். அதே ஹென்கின் 1976-இல் 106 பேரிடம், யாருக்கு மருந்து யாருக்கு வெற்று மாத்திரை என்று இரு தரப்புக்கும் தெரியாமல் ஓர் ஆய்வு செய்தார். பலவிதக் காரணத்தால் சுவையோ வாசனையோ போனவர்கள் அவர்கள். மொத்தமாகப் பார்த்தால் துத்தநாகம் வெற்று மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை. பிற்பாடு வந்த, பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் மதிப்பாய்வும், சுவை உணர்வைத் துத்தநாகம் கூட்டுவதற்குச் சான்று இருக்கிறது, ஆனால் அதன் தரம் குறைவு என்ற அளவில்தான் சொல்கிறது. நாக்கு செத்துப்போனவர் எல்லோருக்கும் ஜிங்க் மாத்திரை என்று கிளம்பினால் அது தவறு. குறைவு இருப்பவரைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் பலன் உண்டு. ஜிங்க் குறையாத வயலில் ஜிங்க் சல்பேட் கொட்டினால் மகசூல் கூடாது, அது மாதிரி.

இதில் ஜப்பான் நமக்கு முன்னால் போய்விட்டது. சுவைக் கோளாறுக்கென்றே தனி மருத்துவப் பிரிவு வைத்துப் பல பத்தாண்டுகளாகப் பார்த்து வருகிறார்கள். ரத்தத்தில் துத்தநாகம் குறைந்தவர்களுக்கு என்றே துத்தநாக அசிடேட் மருந்துக்கு 2017-இல் அங்கே அனுமதி கொடுத்தார்கள். முதியவர்கள் மிகுந்த நாடு, முதியவரின் நாக்கையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. தமிழ்நாடும் அந்தப் பாதையில்தான் போய்க்கொண்டிருக்கிறது. எந்த ஊருக்குப் போனாலும் திண்ணையில் பெரியவர்கள்தான் இருக்கிறார்கள்.

நம்மிடம் கணக்கு ஓரளவு இருக்கிறது. 2016–18-இல் நடந்த தேசிய அளவிலான குழந்தைகள் ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 19 சதவீதம் பேருக்கும், வளரிளம் பருவத்தினரில் 32 சதவீதம் பேருக்கும் துத்தநாகக் குறைவு இருந்தது. அந்தக் கணக்கெடுப்பு 19 வயதோடு நின்றுவிட்டது. என் அம்மா வயதில் இருப்பவர்கள் அதில் வரவே இல்லை.

மற்ற எந்தப் பிரிவையும் விட்டு உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், நீங்கள் கொடுக்கும் மாத்திரைகளுக்கும் இந்த விஷயத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் சிறுநீரில் துத்தநாகம் அதிகம் போகும். இரத்த அழுத்தத்துக்குத் தரும், சிறுநீரைக் கூட்டும் தயசைடு வகை நீர்மாத்திரையும் அப்படியே வெளியேற்றும். கேப்டோபிரில் போன்ற இரத்த அழுத்த மாத்திரைகள் சிலருக்குச் சுவையைக் கெடுப்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. சர்க்கரைக்குத் தரும் மெட்ஃபார்மின் சிலருக்கு வாயில் உலோகச் சுவையைக் கொடுக்கும், பல வருடம் சாப்பிட்டால் பி12-ஐயும் குறைக்கும். பி12 குறைந்தாலும் நாக்கு வழவழவென்று சிவந்து எரியும். அதனால்தான் என் அம்மாவுக்கு ஜிங்க் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. பார்த்த மருத்துவரும் அப்படிச் சொல்லவில்லை. இவை உயிர் காக்கும் மாத்திரைகள். இந்த மடலைப் படித்துவிட்டு யாரும் தாமாக ஒன்றையும் நிறுத்த வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். மாத்திரை கொடுக்கிறவர்கள் நாக்கையும் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இதில் ஒரு சுழல் இருக்கிறது. நாக்கில் உப்பு தெரியாதவர் உப்பைக் கூட்டுவார். உப்பு கூடினால் அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் மாத்திரை கூடும். கூடும் மாத்திரை நீர்மாத்திரையாக இருந்தால் துத்தநாகம் இன்னும் போகும். இனிப்பு தெரியாதவர் டீயில் இன்னொரு கரண்டி சர்க்கரை போடுவார். சாப்பாடு ருசிக்காதவர் அளவைக் குறைப்பார், குறைத்த சாப்பாட்டில் துத்தநாகம் இன்னும் குறைவு. "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று சொல்லி வளர்ந்த மக்களிடம், நாக்கைச் சரிசெய்யாமல் உப்பைக் குறை என்று சொன்னால் அவர்கள் எப்படிக் குறைப்பார்கள்?

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் உங்கள் திட்டம் தொடங்கியபோது நான் செய்தியில் பார்த்தேன். வாசற்படி ஏறி வரும் மருத்துவம் என்பது சின்ன விஷயம் இல்லை. ஆஸ்பத்திரி மேசையில் தெரியாதது வீட்டுக்குள் போகிறவருக்குத் தெரியும். தட்டில் என்ன மிச்சம் இருக்கிறது, ஊறுகாய்ப் பாட்டில் எங்கே இருக்கிறது, பல்செட் டம்ளரில் கிடக்கிறதா வாயில் இருக்கிறதா, இதெல்லாம் தன்னார்வலர் பெண்கள் ஒரு பார்வையில் பிடித்துவிடுவார்கள். பெரும்பாலும் அதே ஊர்க்காரப் பெண்கள். அவர்கள் கேட்டால் பெரியவர்கள் பதில் சொல்வார்கள்.

என் வேண்டுகோளைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். உப்பு தெரியுதா, புளிப்பு தெரியுதா, முன்னைவிடச் சாப்பாடு குறைந்திருக்கிறதா என்று கேளுங்கள். நாக்கை நீட்டச் சொல்லி செல்போன் வெளிச்சத்தில் பாருங்கள். வழவழப்பு, சிவப்பு, வெள்ளைப் படலம், வாயோர வெடிப்பு இருந்தால் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதுங்கள். வெள்ளைப் படலம் என்றால் பூஞ்சையாக இருக்கலாம், சர்க்கரை அதிகம் இருப்பவர்களுக்கு அது வரும். அதற்கு வைத்தியம் வேறு. அந்த ஒரு வரியைப் பார்த்ததும் மருத்துவர் மாத்திரைப் பட்டியலைத் திரும்பப் பார்க்கட்டும். ரத்தசோகை, பி12, பல், வாய் வறட்சி எல்லாவற்றையும் யோசிக்கட்டும். அந்த வரிசையில் துத்தநாகத்துக்கும் ஓர் இடம் கொடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

ரத்தத்தில் துத்தநாகம் பார்ப்பது எல்லா இடத்திலும் முடியாது என்று எனக்குத் தெரியும். பார்த்தாலும் அதில் வில்லங்கம் உண்டு. காலையில் வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும், தவறான குழாயில் எடுத்தால் ரப்பர் மூடியிலிருந்தே துத்தநாகம் கலந்துவிடும், காய்ச்சலோ தொற்றோ இருந்தால் உண்மையில் குறையாதவருக்கும் குறைவாகக் காட்டும். ஆகவே மாவட்ட அளவில் ஓர் ஆய்வகமாவது இதை ஒழுங்காகச் செய்ய ஏற்பாடு வேண்டும். தன்னார்வலர் எழுதி அனுப்பும் வரிகளிலிருந்து தேர்ந்தெடுத்துப் பார்த்தாலே எந்த வட்டாரத்தில் குறைவு என்று ஒரு படம் கிடைத்துவிடும். மண்ணுக்கு அந்தப் படத்தை நாங்கள் போட்டு வைத்திருக்கிறோம்.

மாத்திரைக்கு நீங்கள் எங்கும் தேடிப் போக வேண்டாம். குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசலோடு துத்தநாக மாத்திரையும் தர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2004-இல் சொன்னதிலிருந்து அது அரசு மருத்துவத்தில் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு அவர்கள் அப்போது சொன்ன அளவு நாளைக்கு 20 மில்லிகிராம், 10 முதல் 14 நாள். பேரப்பிள்ளைக்குக் கிடைக்கும் அந்த மாத்திரை, தேவைப்பட்டால் பாட்டிக்கும் மருத்துவர் கையால் கிடைக்க வேண்டும்.

மருத்துவர் கையால் என்பதை அழுத்திச் சொல்கிறேன். கோவிட் காலத்தில் ஜிங்க் மாத்திரை எல்லார் வாயிலும் புகுந்துவிட்டது. இன்றும் மருந்துக் கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் சாப்பிடுகிறவர்களை எனக்குத் தெரியும். நாளைக்கு 40 மில்லிகிராம் என்பது மேல் வரம்பு. அதைத் தாண்டி நெடுநாள் போனால் உடம்பில் தாமிரம் குறையும். தாமிரம் குறைந்தால் ரத்தசோகை வரும், கால் மரத்து நடை தடுமாறும். துத்தநாகம் கலந்த பல்செட் பசையை அளவில்லாமல் பூசிக்கொண்டவர்களுக்கே இப்படி ஆகியிருக்கிறது. அம்மாவுக்கு மூன்று மாதம் மட்டும் எழுதிக் கொடுத்தார்கள், சாப்பாட்டுக்குப் பிறகு, இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடும் வேளையில் இல்லாமல். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும் என்றார்கள். ஒரு நாள் மறந்து காலையில் போட்டுவிட்டு அம்மா மதியம் வரை படுத்துவிட்டார், அவ்வளவு சரியாகச் சொன்னார்கள்.

உணவைப் பற்றியும் வீடுகளில் பேசுங்கள். இதற்கு விலை உயர்ந்த எதுவும் தேவையில்லை, ஆனால் பல் இல்லாதவருக்கு ஏற்ற மாதிரி இருக்க வேண்டும். பயறை ஊறவைத்து முளைகட்டினால் பைட்டேட் குறைகிறது, புளித்த மாவிலும் குறைகிறது. ஆகவே இட்லி தோசையைக் குறைசொல்ல வேண்டாம், அரைக்கும்போது உளுந்தோடு முளைகட்டிய பயறும் ஒரு கை சேரட்டும். எள்ளில் நூறு கிராமுக்கு ஏழு மில்லிகிராம் அளவுக்குத் துத்தநாகம் இருக்கிறது. அதிலும் பைட்டேட் உண்டு என்றாலும் எள்ளுப்பொடி சாதத்துக்கு ருசி கொடுக்கும், உப்பை அதில் குறைத்துப் போடலாம். எங்கள் பக்கம் பரங்கிக்காய் அறுத்தால் விதையைக் குப்பையில் போடுவது வழக்கம். இப்போது என் மனைவி அதைக் கழுவிக் காயவைத்து, வறுத்து, தோலுரித்துப் பொடியாக்கி வைக்கிறாள். அசைவம் சாப்பிடும் வீடு என்றால் கொத்துக்கறியும் ஈரலும் நண்டும் முட்டையும் எளிய வழி. நண்டைச் சதை எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும், அது வேறு விஷயம்.

சத்து சேர்த்துச் செறிவூட்டப்பட்ட அரிசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் பி12-உம் கட்டாயம். துத்தநாகம் விருப்பப்பட்டால் சேர்க்கலாம் என்ற நிலையில்தான் இருக்கிறது. துத்தநாகம் கூடுதலாகச் சேரும் நெல் ரகங்களும் நம் நாட்டிலேயே வந்துவிட்டன, ஹைதராபாத் நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் டி.ஆர்.ஆர். தான் 45 போன்றவை 2016 முதல் இருக்கின்றன. இது உங்கள் துறை மட்டும் முடிவு செய்வது இல்லை என்று தெரியும். ஆனால் கூட்டங்களில் பேச்சு வரும்போது, நோயாளிகளின் நாக்கைப் பார்த்தவர்களாக நீங்கள் அங்கே பேச முடியும்.

அம்மாவுக்கு இப்போது எப்படி என்று கேட்பீர்கள். மருத்துவர் பி12 ஊசி போட்டார், ஜிங்க் கொடுத்தார், பல வருடமாகக் கடையில் தானாக வாங்கிச் சாப்பிட்டு வந்த அசிடிட்டி மாத்திரையைப் படிப்படியாக நிறுத்தினார். முதல் மாதம் ஒரு மாற்றமும் இல்லை. ஆறாவது வாரமோ ஏழாவது வாரமோ, கத்திரிக்காய்க் கூட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "ஏம்மா, உப்பு இத்தனை அள்ளிப் போட்டிருக்கியே" என்றார். அம்மாவுக்காக என்று எல்லாவற்றிலும் ஒரு கல் கூடவே போட்டுப் பழகிவிட்ட என் மனைவி அடுப்பு முன்னால் அப்படியே நின்றுவிட்டாள். எது எந்த அளவுக்கு உதவியது, ஊசியா மாத்திரையா நிறுத்தியதா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. இலையோரத்து உப்பு போய்விட்டது. இரத்த அழுத்த மாத்திரையை இரண்டு மாதம் கழித்து ஒரு படி குறைத்தார்கள்.

ஒன்று மட்டும் விட்டுப்போனது, அதையும் சொல்லிவிடுகிறேன். உப்பு தெரிகிறதா என்ற கேள்வியைப் பெரியவரிடம் கேட்டுவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். உப்பு தெரியாதவருக்குத் தனக்குத் தெரியவில்லை என்பது தெரியாது, சமையல்தான் சரியில்லை என்று நினைப்பார். அதனால் அடுப்படியில் நிற்பவரிடமும் போய், "அவங்க உப்பு கூடக் கேக்குறாங்களா?" என்று கேளுங்கள். என் வீட்டில் அதற்கான பதில் ஒன்றரை வருடம் என் மனைவியிடம் இருந்தது. அவளிடம் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உதவி வேளாண்மை அலுவலர் ஒருவர்,
திருவாரூர் மாவட்டம்.